சூத்திரம் ஓதினால் போதுமா?

மோட்டார் ஏன் எரிந்தது?

கேட்டவர் ஓர் உழவர். கேட்கப்பட்டவன் அவர் மகன். அந்தக் குடும்பத்தில் கல்லூரி வாயிலைக் கண்ட முதல் தலைமுறை அவன். முதலாண்டுப் பொறியியல் மாணவன். பருவத் தேர்வு முடிந்து விடுமுறைக்கு வந்திருக்கிறான். கிணற்று மேட்டிலே கருகிய சுருளின் நெடி இன்னும் அடங்கவில்லை. முந்தின இரவு மின்னழுத்தம் மிகவும் தாழ்ந்து வந்தது. விளக்கு மின்மினியாக மினுங்கிற்று. பயிர் வாடுகிறதே என்ற பதைப்பிலே பம்பை ஓடவிட்டார் பெரியவர். விடியுமுன் மோட்டார் மாண்டது.

"ஏனப்பா, மின்சாரம் குறைவாகத்தானே வந்தது? குறைவாக வந்தால் மோட்டார் மெல்ல ஓடலாம், நின்றும் போகலாம். எரிவானேன்? நீதான் படிக்கிறாயே, சொல்லேன்!"

மகன் நினைத்துப் பார்த்தான். ஓமின் விதி நினைவுக்கு வந்தது. மின்னழுத்தம் குறைந்தால் மின்னோட்டமும் குறையும் என்றது விதி. மின்னோட்டம் குறைந்தால் வெப்பமும் குறையும் என்றது மற்றொரு விதி. ஆகவே, மோட்டார் எரிந்திருக்க முடியாது! ஏடு அப்படிச் சொல்கிறது. எரிந்த மோட்டாரோ எதிரே கிடக்கிறது. மகன் தலை தாழ்ந்தது. தந்தை மறுபடி கேட்கவில்லை. கேட்காமல் இருந்தாரே, அந்த மௌனம் இருக்கிறதே, அதைவிடக் கூரிய கண்டனம் நம் கல்விமுறைக்கு வேறு தேவையில்லை.

அந்த இளைஞன் இயற்பியல் தேர்விலே தோற்றவனல்லன். தேறியவன்! எண்பதுக்கு மேல் எண்கள் பெற்றவன்! தோற்றவன் கதை தனிக்கதை. தேறியவன் கதையே இது என்றால், தோற்றவன் நிலையை எண்ணிப் பாருங்கள்.

நாம் பேச வந்தது இதைப் பற்றித்தான். அறிவியல் பின்புலம் போதாமல் பொறியியற் கல்லூரிக்குள் நுழையும் பல்லாயிரம் பிள்ளைகளுக்கு, தொடக்க இயற்பியலை நாம் எப்படிக் கற்பிக்கிறோம்? கற்பிக்கிறோமா, ஓதுகிறோமா?

கல்லூரிக்குள் எட்டிப் பாருங்கள். ஆசிரியர் வருகிறார், கரும்பலகை நிறைகிறது. குறியீடு குறியீடாக, வரி வரியாக, சமன்பாடு இறங்குகிறது. அறுபது தலைகள் குனிகின்றன; அறுபது பேனாக்கள் ஓடுகின்றன. ஏன் என்று ஒருவன் கேட்கவில்லை. கேட்டால், "இது பல்கலைக்கழகத் தேர்வில் பதினாறு மதிப்பெண் கேள்வி; அப்படியே எழுது" என்ற விடை வருகிறது. கோயிலிலே ஓதுவோருக்கும் பொருள் தெரியாது, கேட்போருக்கும் பொருள் தெரியாது என்று நாம் எள்ளி நகையாடியதுண்டு. இன்றோ அறிவியலின் பெயராலேயே அந்த ஓதல் நடக்கிறது. மந்திரம் போய்ச் சூத்திரம் வந்தது. ஓதல் மட்டும் போகவில்லை. ஒரு காலத்தில், காதில் விழுந்தாலே குற்றம் என்று கல்வியை மறைத்தனர். இன்று, காதில் விழுந்தால் போதும், கருத்தில் விழ வேண்டாம் என்கின்றனர். அன்று கதவை அடைத்தனர். இன்று கதவைத் திறந்து, விளக்கை அணைத்துவிட்டனர்!

குற்றம் யாருடையது என்றால், மேதாவிகள் தயங்காமல் விரல் நீட்டுகின்றனர்: "வருகிற பிள்ளைகளுக்கு அடிப்படை இல்லை ஐயா! நாங்கள் என்ன செய்வோம்?"

அடிப்படை இல்லையாம். இருக்கட்டும். அந்த அடிப்படை எங்கே போயிற்று? காக்கை தூக்கிச் சென்றதா, கடல் கொண்டதா?

நாம் சொல்கிறோம், கேளுங்கள். விசை, வேகம், ஆற்றல், சுழற்சி, வெப்பம் ஆகிய இவையெல்லாம் நம் பள்ளிகளிலே பதினோராம் வகுப்புப் பாடம். பொறியியலுக்கு ஆணிவேர் அது. ஆனால் பன்னிரண்டாம் வகுப்பு மதிப்பெண்ணே மோட்சம் என்று கருதிய பள்ளிகள் பல, பதினோராம் வகுப்புப் பாடத்தை ஓரங்கட்டிவிட்டு, பன்னிரண்டாம் வகுப்புப் பாடத்தையே ஈராண்டு உருப்போட வைத்தன. 2017-18ஆம் கல்வியாண்டில் பதினோராம் வகுப்புக்கும் பொதுத்தேர்வு கொண்டுவரப்பட்டதற்கு இந்தக் கொடுமையே காரணமாகக் கூறப்பட்டது. 2025இல் வெளியான மாநிலக் கல்விக் கொள்கையோடு அந்தப் பொதுத்தேர்வு விலக்கப்பட்டது. தேர்வு போனதற்காக நாம் கண்ணீர் விடவில்லை. பிள்ளையின் தோளிலிருந்து ஒரு சுமை இறங்கிற்று. ஆனால் தேர்வோடு சேர்ந்து பாடமும் போய்விடுமானால், அது சுமையிறக்கம் அன்று. அடித்தளத்தை அகழ்ந்தெடுக்கும் செயல்.

இன்னொரு வழியும் உண்டு. பத்தாம் வகுப்பு முடித்துப் பலதொழில் பயிலகத்திலே பட்டயம் பெற்ற மாணவர், பொறியியற் பட்டப்படிப்பின் இரண்டாம் ஆண்டிலே நேராகச் சேர்கின்றனர். கைத்திறன் மிக்கவர்கள், கடைசல் எந்திரத்தைக் கண்ணை மூடிக்கொண்டு இயக்கக் கூடியவர்கள். அவர்களை வரவேற்கிறோம், வாயார வாழ்த்துகிறோம். ஆனால் பட்டப்படிப்பின் இயற்பியல் இருப்பதோ முதலாம் ஆண்டில்! முதலாம் ஆண்டைத் தாண்டி வருவோர் அதையும் தாண்டியே வருகின்றனர். இரண்டாம் ஆண்டிலே பொருள்களின் வலிமை என்றும், வெப்ப இயக்கவியல் என்றும் பாடங்கள் அவர்கள் மீது பாய்கின்றன. ஏணியின் முதற் படியை எடுத்துவிட்டு, ஏறத் தெரியவில்லையே என்று ஏளனம் பேசுவது எந்த ஊர் நீதி?

மேனிலைப் பள்ளியிலே தொழிற்பிரிவு படித்து வருவோர் ஒருபுறம். ஆய்வகம் என்ற பெயரிலே பூட்டிய அறையை மட்டும் பார்த்து வருவோர் மற்றொரு புறம். இவர்களுக்கு அடிப்படை இல்லை என்பது பழி. இவர்களுக்கு அடிப்படை தரப்படவில்லை என்பதே உண்மை. இல்லாமைக்கும் தராமைக்கும் உள்ள வேறுபாட்டை உணராதவர், எத்தனை பட்டம் பெற்றிருந்தாலும் ஆசிரியராகார்.

இந்த நோய்க்கு மருந்து என்று கூறிக்கொண்டு இரண்டு கூட்டத்தார் இருபுறமும் வருகின்றனர்.

ஒரு கூட்டம் கதவடைப்போர் கூட்டம். "தகுதியில்லாதவரை ஏன் சேர்க்கிறீர்கள்? வடிகட்டுங்கள்!" என்பது அவர்கள் பாட்டு. பழைய பாட்டு, பலமுறை கேட்ட பாட்டு. தமிழ்நாட்டிலே நுழைவுத் தேர்வு 2006ஆம் ஆண்டுச் சட்டத்தால் நீக்கப்பட்டபோதும் இதைப் பாடினர். அரசுப் பள்ளி மாணவர்க்குத் தொழிற்படிப்புகளில் 7.5 விழுக்காடு இடம் என்று 2021இல் சட்டம் வந்தபோதும் இதையே பாடினர். தகுதி, தகுதி என்று தவிக்கிறார்களே, தகுதி என்பது தாயின் வயிற்றிலிருந்தே வருவதா? நீச்சல் தெரியாதவன் குளத்தில் இறங்கக் கூடாது என்றால், அவன் நீச்சல் கற்பது எங்கே, கூடத்துத் திண்ணையிலா? கற்பதற்காக வருகிறவனிடம், கற்றுக்கொண்டு வந்தால் கற்பிக்கிறேன் என்று கூறுவதற்குக் கல்லூரி எதற்கு, கட்டடம் எதற்கு, கட்டணம் எதற்கு?

மற்றொரு கூட்டம் பாடம் குறைப்போர் கூட்டம். இவர்கள் முகத்திலே கருணை வழியும். "பாவம், பிள்ளைகளுக்கு இயற்பியல் கடினமாக இருக்கிறது. எடுத்துவிடலாமே!" என்பர். 2021 மார்ச்சிலே, அகில இந்தியத் தொழில்நுட்பக் கல்விக் குழுவின் கையேடு, பதினான்கு பாடங்களைப் பட்டியலிட்டு, அவற்றில் எவையேனும் மூன்றைப் பயின்றிருந்தால் பொறியியலில் சேரலாம் என்றது. இயற்பியல் இன்றியும் சேரலாம்; கணிதம் இன்றியும் சேரலாம். கண்டனம் கிளம்பிற்று. இது மாநிலங்களுக்கும் பல்கலைக்கழகங்களுக்கும் கட்டாயமன்று என்ற விளக்கம் பிறகு வந்தது. அந்தக் கையேட்டிலேயே, பல்வேறு பின்புலத்தார்க்குக் கணிதம், இயற்பியல் முதலியவற்றில் இணைப்புப் பாடம் நடத்தப்பட வேண்டும் என்ற வரியும் இருந்தது. வரி இருந்தது; வழி இருந்ததா? கதவை அகலத் திறக்க ஓர் ஆணை போதும். உள்ளே வந்தவனைக் கைபிடித்து நடத்த ஆசிரியர் வேண்டும், மணிநேரம் வேண்டும், மனம் வேண்டும். ஆணை எளிது, ஆசிரியர் அரிது.

முதற் கூட்டம் நம் பிள்ளையை வாயிலில் நிறுத்துகிறது. இரண்டாம் கூட்டம் உள்ளே அழைத்து வெறுங்கையோடு அனுப்புகிறது. பசித்து வந்தவனை விரட்டுவது கொடுமை. பசித்து வந்தவன் முன் வெற்றிலையைப் போட்டு விருந்து என்பது அதைவிடப் பெருங்கொடுமை. இரண்டையும் எதிர்க்கிறோம். கதவும் திறந்திருக்க வேண்டும். பாடமும் நிறைந்திருக்க வேண்டும்!

இயற்பியல் இல்லாமல் பொறியாளன் என்ன ஆவான் என்று ஐயுறுவோர்க்கு ஓரிரு சான்று தருவோம்.

1998 டிசம்பரில் அமெரிக்கா செவ்வாய்க்கு ஒரு விண்கலம் அனுப்பிற்று. செவ்வாயின் தட்பவெப்பத்தை ஆராய வேண்டிய கலம் அது. 1999 செப்டம்பர் 23 அன்று, செவ்வாயை நெருங்கிய வேளையில், அழிந்தது. காரணம்? பகைவர் சுட்டு வீழ்த்தவில்லை, எரிகல் மோதவில்லை. தரையிலிருந்த ஒரு மென்பொருள், உந்துவிசைக் கணக்கைப் பவுண்டு அலகிலே தந்தது. பெற்றுக்கொண்டவர்கள் அதை நியூட்டன் அலகு என்று கொண்டனர். ஒன்றுக்கொன்று ஏறத்தாழ 4.45 மடங்கு வேறுபாடு! கலம் திட்டமிட்டதைவிட மிகத் தாழ்வாகச் செவ்வாயின் காற்று மண்டலத்தைத் தொட்டது, தொலைந்தது. அலகு என்பது விடையின் வாலிலே ஒட்டவேண்டிய அலங்காரம், எழுதாவிட்டால் அரை மதிப்பெண் போகும், அவ்வளவே என்றுதானே நம் மாணவன் நினைக்கிறான்? அப்படி அவனை நினைக்க வைத்தவர் யார்?

விண்ணை விடுங்கள், மண்ணுக்கு வாருங்கள். மணிக்கு 40 கிலோமீட்டர் வேகத்தில் ஓர் இளைஞன் வண்டியில் போகிறான். தடையை அழுத்துகிறான். நொடிக்கு நொடி, வேகம் நொடிக்கு 5 மீட்டர் வீதம் குறைகிறது என்று கொள்வோம். ஏறத்தாழ 12 மீட்டர் சென்று நிற்பான். அதே வண்டி, அதே சாலை, அதே தடை. வேகம் மட்டும் 80. இரு மடங்கு தூரத்தில் நிற்பானா? இல்லை, நான்கு மடங்கு! 49 மீட்டர்! இயக்க ஆற்றல் வேகத்தின் இருமடியைப் பொறுத்தது என்ற வாய்பாட்டை எழுதி இரண்டு மதிப்பெண் பெற்ற மாணவனே, அந்த வாய்பாட்டுக்குள் தன் உயிர் இருப்பதை அறியாமல், தேர்வு முடிந்த மாலையிலே வண்டியை விரட்டுகிறான். இருமடி என்பது ஏட்டின் மேலே ஏறி உட்கார்ந்த ஒரு சின்ன எண் அவனுக்கு. அது சாலையிலே 37 மீட்டர் என்பதை ஒருவரும் நடந்து காட்டவில்லை.

சரி, அந்த மோட்டாருக்கு வருவோம். ஏன் எரிந்தது? மோட்டார் வெறும் கம்பியன்று. கிணற்றிலிருந்து நீரை மேலேற்ற இவ்வளவு ஆற்றல் வேண்டும் என்று பாரம் அதனிடம் வற்புறுத்துகிறது. அழுத்தம் தாழ்ந்தால் மோட்டாரின் சுழல் வேகம் சற்றுத் தளர்கிறது. தளர்ந்த மோட்டார், குறைந்த அழுத்தத்தை ஈடுகட்ட, மிகுந்த மின்னோட்டத்தை உறிஞ்சுகிறது. 415 வோல்ட் வரவேண்டிய இடத்தில் 300 வோல்ட் வருவதாகக் கொள்வோம். அதே வேலையைச் செய்ய ஏறத்தாழ 1.4 மடங்கு மின்னோட்டம் வேண்டும். சுருளில் பிறக்கும் வெப்பமோ மின்னோட்டத்தின் இருமடியைப் பொறுத்தது. ஆக, ஏறத்தாழ இரு மடங்கு வெப்பம்! இரவு முழுதும் அந்த வெப்பத்தில் வெந்தது சுருள். காப்புப் பூச்சு கருகிற்று. மோட்டார் மாண்டது. ஓமின் விதி பொய்யன்று. ஓடும் மோட்டாரை வெறும் மின்தடையாகக் கருதி அந்த விதியை அப்படியே பொருத்தக் கூடாது என்பதுதான் அந்த மாணவனுக்குச் சொல்லப்படவில்லை. விதியைச் சொன்னோம்; விதியின் எல்லையைச் சொன்னோமா? எல்லை தெரியாத விதி, அறிவியலன்று, அருள்வாக்கு!

இங்கேதான் நாம் ஆசிரியப் பெருமக்களை வணங்கிக் கேட்கிறோம். இந்தப் பிள்ளைகள் வெறுங்கையோடு வருவதாக ஏன் எண்ணுகிறீர்கள்? அவர்கள் கையிலே நூல் இல்லாதிருக்கலாம், அனுபவம் இருக்கிறது.

ஏற்றம் இறைத்த பாட்டன் வீட்டுப் பிள்ளைக்கு நெம்புகோல் புதிதா? கடப்பாரையால் பாறையைப் புரட்டிய கைக்குத் திருப்புத்திறன் அந்நியமா? வண்டிச் சக்கரத்துக்கு இரும்புப் பட்டை போடும் கொல்லரைப் பார்த்திருக்கிறான் அவன். பட்டையைச் சக்கரத்தைவிடச் சிறியதாகவே அடிப்பார் கொல்லர். நெருப்பிலே இட்டுப் பழுக்கக் காய்ச்சுவார். விரிந்த பட்டை சக்கரத்தின் மேல் வழுக்கி உட்காரும். தண்ணீர் ஊற்றுவார்; சுருங்கி இறுகக் கவ்வும். ஆணி வேண்டாம், பசை வேண்டாம்! ஒன்றரை மீட்டர் விட்டமுள்ள சக்கரத்தின் சுற்றளவு ஏறத்தாழ 4.7 மீட்டர். ஒவ்வொரு பாகை வெப்பத்துக்கும் இரும்பு தன் நீளத்தில் பத்து இலட்சத்தில் பன்னிரண்டு பங்கு விரிகிறது. 500 பாகை ஏற்றினால், பட்டையின் நீளம் 28 மில்லிமீட்டர் கூடும். கொல்லரின் கண் அளந்த அளவு அது! இந்தக் காட்சியிலிருந்து தொடங்கினால், வெப்ப விரிவெண் என்ற சொல்லைக் கேட்டு எந்தப் பிள்ளை மிரளும்? காட்சியைக் காட்டி வாய்பாட்டுக்கு வருவது கற்பித்தல். வாய்பாட்டை வீசிவிட்டுக் காட்சியை மறைப்பது கண்கட்டு வித்தை.

"ஆனால் ஐயா, அவர்கள் தவறாக எண்ணுகிறார்களே! மேலே எறிந்த பந்தின் மீது, எறிந்த கையின் விசை இன்னும் இருப்பதாக எழுதுகிறார்களே!" என்று சலித்துக்கொள்கின்றனர் சிலர்.

எழுதட்டும்! அது அறியாமையன்று, அன்பர்களே. அனுபவத்திலிருந்து பிறந்த முடிவு. தள்ளினால்தான் வண்டி நகர்கிறது, விட்டால் நிற்கிறது என்பதை நாள்தோறும் காண்கிற எவனும் அப்படித்தான் எண்ணுவான். கிரேக்கத்து அரிஸ்டாட்டில் ஓயாத இயக்கத்துக்கு ஓயாத விசை வேண்டும் என்றார். ஏறத்தாழ இரண்டாயிரம் ஆண்டு உலகத்துப் பேரறிஞர் பலர் அதை ஒட்டியே நின்றனர். கலிலியோ சாய்தளத்திலே உருண்டையை உருட்டிப் பார்த்த பிறகுதான், நியூட்டன் 1687இல் தம் பெருநூலை வெளியிட்ட பிறகுதான், அந்தப் பிழை தீர்ந்தது. அறிஞர் உலகம் நூற்றாண்டுகள் திணறிய இடத்தை, நம் பிள்ளை ஒரு மணி நேரத்தில் தாண்டவில்லை என்று நகைக்கிறீர்களே, நியாயமா?

இது நாட்டுப்புறப் பிள்ளையின் நோயென்று கருதுவோர் இதையும் கேட்கட்டும். அமெரிக்காவிலே 1992இல், விசை பற்றிய கருத்துத் தெளிவைச் சோதிக்கும் வினாத்தாள் ஒன்றை இயற்பியல் ஆசிரியர் சிலர் வெளியிட்டனர். கணக்குப் போட வேண்டியதில்லை. கருத்து மட்டும் போதும். புகழ்பெற்ற ஹார்வர்டு பல்கலைக்கழகத்திலே எரிக் மசூர் என்ற பேராசிரியர் தம் மாணவர்க்கு அத்தகைய வினாத்தாளைக் கொடுத்தார். கடினமான கணக்குகளை அநாயாசமாகப் போட்டவர்கள், எளிய கருத்திலே இடறினர். நீங்கள் கற்பித்தபடி விடை எழுதுவதா, நான் எண்ணுகிறபடி எழுதுவதா என்று ஒரு மாணவி கேட்டாராம்! கற்பித்தது வேறு, எண்ணுவது வேறு. இரண்டும் ஒரே தலையில், ஒன்றையொன்று தொடாமல்! ஹார்வர்டின் பளிங்கு மண்டபத்திலும் அதே கதை. நம் ஊர்ப் பொட்டல்வெளிக் கல்லூரியிலும் அதே கதை. அங்கே, ஆசிரியர் தம் போதனை முறையை மாற்றிக்கொண்டார். இங்கே, மாணவனின் பிறப்பை ஆராய்கின்றனர்!

1998இல் ரிச்சர்டு ஹேக் என்பார் 62 வகுப்புகளில், ஆறாயிரத்துக்கு மேற்பட்ட மாணவரின் தேர்ச்சியை ஒப்பிட்டுப் பார்த்தார். ஆசிரியர் பேச, மாணவர் எழுதும் வழக்கமான வகுப்புகளில், அடையத்தக்க முன்னேற்றத்தில் 23 விழுக்காடே கிட்டியது. மாணவர் தமக்குள் விவாதித்து, கையால் செய்து, உடனுக்குடன் திருத்திக்கொண்ட வகுப்புகளிலோ 48 விழுக்காடு, இரு மடங்கு! பிள்ளைகளை மாற்றிப் பெற்ற பலனன்று இது. முறையை மாற்றிப் பெற்ற பலன்.

மைக்கேல் பாரடேயை எண்ணிப் பாருங்கள். 1791இல் பிறந்தவர், கொல்லர் ஒருவரின் மகன், வறுமையிலே வளர்ந்தவர். பதினான்காம் வயதில் நூல் கட்டும் கடையிலே வேலைக்குச் சேர்ந்தார். கட்டுவதற்கு வந்த நூல்களைப் படித்தார். 1812இல் ஹம்ப்ரி டேவியின் சொற்பொழிவுகளைக் கேட்டார், குறிப்பெடுத்தார், அந்தக் குறிப்பையே கட்டி நூலாக்கி டேவிக்கு அனுப்பி, மறு ஆண்டு ஆய்வகத்திலே உதவியாளரானார். உயர்கணிதம் கற்றவரல்லர். ஆனால் 1831இல் காந்தத்தையும் கம்பிச் சுருளையும் கொண்டு மின்சாரம் பிறப்பித்தார். இன்று உலகெங்கும் சுழலும் மின்னாக்கிகளின் மூலம் அதுவே. அந்தக் கருத்துகளைக் கணித வடிவில் அமைத்தவர் மாக்ஸ்வெல். அவருக்கு 1857இல் எழுதிய மடலிலே பாரடே ஒன்று கேட்டார்: கணிதக் குறியீட்டில் கண்ட முடிவுகளைப் பொதுமொழியிலும் தரலாகாதா, எம்மைப் போன்றோர் அவற்றைக்கொண்டு சோதனை செய்வோமே என்று. அறிவியல் உலகின் மாமேதை கேட்ட கேள்வி அது! அதே கேள்வியை நம் மாணவன் கேட்டால், "அடிப்படை இல்லாதவன்" என்கிறீர்கள். பாரடே இன்று வந்தால், நம் முதற்பருவத் தேர்விலே தேறியிருப்பாரா? ஐயந்தான்!

கணிதம் வேண்டாம் என்று நாம் கூறுவதாகத் திரிப்பார்கள் சிலர். இல்லை. பாரடேக்குப் பின் மாக்ஸ்வெல் வந்ததால்தான் வானொலியும் வந்தது. கணிதம் வேண்டும், கட்டாயம் வேண்டும். காட்சி முதலில், கருத்து அடுத்து, கணிதம் அதன்பின் என்ற வரிசை வேண்டும் என்கிறோம். நம் முதற்பருவப் பாடத்திட்டங்கள் பலவற்றிலே, மின்னோட்டம் என்ன என்று தெளியாத மாணவன், சில கிழமைகளுக்குள் மாக்ஸ்வெல் சமன்பாடுகளையும், அதைத் தாண்டிக் குவாண்டம் இயக்கவியலையும் எதிர்கொள்கிறான். நடை பழகாத குழந்தைக்கு நாட்டியப் போட்டி!

மொழியைப் பற்றியும் ஒரு சொல். கலிலியோ 1632இலும் 1638இலும் வெளியிட்ட பெருநூல்களைப் புலவர் மொழியாகிய இலத்தீனை விட்டு, பெரும்பாலும் மக்கள் பேசிய இத்தாலிய மொழியில் எழுதினார். அறிவியல் அதனால் தாழ்ந்ததா? தமிழ்நாட்டிலும் 2010-11ஆம் கல்வியாண்டில், கட்டடப் பொறியியலும் எந்திரப் பொறியியலும் தமிழ்வழியில் தொடங்கப்பட்டன. நல்ல தொடக்கம். ஆங்கில வழி வகுப்பிலும் விளக்கம் தமிழில் இருக்கட்டும். கலைச்சொல் இருமொழியிலும் இருக்கட்டும். "அப்படியானால் வெளிநாட்டில் எப்படிப் பிழைப்பான்?" என்பர். விளங்கிக்கொண்டவன் எந்த மொழியிலும் விளக்குவான். விளங்காதவன் எந்த மொழியிலும் விழிப்பான். புரியாததை ஆங்கிலத்தில் மனப்பாடம் செய்தவனுக்கு, ஆங்கிலமும் வந்ததில்லை, அறிவியலும் வந்ததில்லை!

என்ன செய்ய வேண்டும்? குறை கூறி ஓய்வது நம் வழக்கமன்று. கூறுவோம்.

முதலாவதாக, முதற்பருவத்தின் தொடக்க ஆறு கிழமைகளை இணைப்புப் பாடத்துக்கென ஒதுக்குக. அலகு, அளவு, விசை, ஆற்றல், வெப்பம், மின்னோட்டம் ஆகிய ஆறும் போதும். மதிப்பெண் அச்சமின்றி, கேள்விக்குத் தடையின்றி நடக்கட்டும். இரண்டாம் ஆண்டில் நேராகச் சேரும் பட்டயதாரர்க்கும் அது கிடைக்கட்டும்.

இரண்டாவதாக, ஆய்வகம் வகுப்புக்கு முன்னே வரட்டும். முறுக்கு ஊசலை ஆட்டிப் பார்க்காமலே, மூத்த மாணவரின் ஏட்டிலிருந்து அளவீடுகளைப் படியெடுக்கும் பொய்ம்மை ஒழியட்டும். சோதனையில் கிடைத்த விடை நூலோடு ஒத்துவராவிட்டால், மாணவனைத் தண்டிக்காதீர். ஏன் ஒத்துவரவில்லை என்று எழுதினால் அதற்கே முழு மதிப்பெண் தருக. ஒரு காந்தம், ஒரு சுருள், ஒரு மின்கலம்: பாரடேக்கு வழிகாட்டிய கருவிகள் கோடி ரூபாய் கேட்பனவல்ல.

மூன்றாவதாக, தேர்வுத்தாள் மாறட்டும். "ஓமின் விதியைக் கூறுக" என்பது ஒரு கேள்வியா? "தாழ்ந்த மின்னழுத்தத்தில் மோட்டார் ஏன் எரிந்தது?" என்பதன்றோ கேள்வி! கேள்வி மாறினால் படிப்பு மாறும். படிப்பு மாறினால் ஆசிரியரின் குறிப்பேடும் மாறியே தீரும்.

நான்காவதாக, முதலாண்டு வகுப்புக்கு ஆற்றல் மிக்க ஆசிரியரை அனுப்புக. புதிதாக வந்தவர், குறைந்த ஊதியம் பெறுபவர், வேறு பாடம் கிடைக்காதவர் தலையில் முதலாண்டைக் கட்டும் வழக்கம் பல கல்லூரிகளில் உண்டு. அடித்தளம் போட அரைகுறைக் கொத்தனாரை அமர்த்திவிட்டு, மாடியில் விரிசல் கண்டதும் மழையைத் திட்டிப் பயனில்லை. அந்த ஆசிரியரையும் நாம் நோகவில்லை. அவருக்கும் நேரம் தருக, நேரிய ஊதியம் தருக, அறுபது பேர் கூட்டத்தை முப்பதாகக் குறைத்துத் தருக.

மாணவத் தோழனே, உனக்கும் ஒரு சொல். புரியவில்லை என்று சொல்ல வெட்கப்படாதே. புரியாததைப் புரிந்ததாகத் தலையாட்டுவதற்கு வெட்கப்படு. எந்த வாய்பாட்டைக் கண்டாலும் மூன்று கேள்வி கேள்: இது எதைச் சொல்கிறது? இது எங்கே பொருந்தும்? இது எங்கே பொருந்தாது? மூன்றாவது கேள்விதான் உன்னைப் பொறியாளனாக்கும். நீ நாளை கட்டும் பாலத்தின் மேல் நடக்கப் போவது உன் மதிப்பெண் பட்டியலன்று, உன் மக்கள். பாரம் தாங்குமா என்று இரும்பு உன் சாதியைக் கேட்காது. உன் ஊரைக் கேட்காது. உன் தந்தை கையெழுத்துப் போடுவாரா, கைநாட்டு வைப்பாரா என்றும் கேட்காது. நீ சரியாகக் கணக்கிட்டாயா என்பதை மட்டுமே கேட்கும். இயற்கையின் நீதிமன்றத்திலே பரிந்துரைக் கடிதம் செல்லாது. பரம்பரைப் பெருமையும் செல்லாது. அந்த ஒரு மன்றத்திலே, எல்லோரும் சமம். அதனால்தான் அந்த மன்றத்தின் சட்டநூலாகிய இயற்பியலை உன்னிடமிருந்து எவரும் மறைக்க விடமாட்டோம். கருணையின் பெயராலும் பறிக்க விடமாட்டோம்.

கிணற்று மேட்டிலே அந்தப் பெரியவர் இன்னும் காத்திருக்கிறார். கடன் வாங்கிக் கட்டணம் கட்டியவர். மீண்டும் கடன் வாங்கிப் புதுச் சுருள் சுற்றியவர். அடுத்த விடுமுறைக்கு மகன் வருவான். அப்போது அவர் கேட்காமலே அவன் சொல்ல வேண்டும்: "அப்பா, அழுத்தம் தாழ்ந்தால் மோட்டாரை நிறுத்திவிடுங்கள். ஏன் என்று சொல்கிறேன், உட்காருங்கள்."

அந்த ஒரு வாக்கியத்தை அவன் வாயிலிருந்து வரவழைக்க முடியாத கல்லூரிக்கு, எத்தனை மாடி இருந்தென்ன?